வீட்டில் செய்யும் மீன் தீவனம்: நார்ச்சத்தை எதில் எடுப்பது, எவ்வளவு சேர்ப்பது

கடையில் வாங்கும் பெல்லட் (உருண்டைத் தீவனம்) டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் புரதம், கொழுப்பு, ஈரப்பதம் ஆகியவற்றோடு 'க்ரூட் ஃபைபர்', அதாவது நார்ச்சத்து, என்று ஒரு வரியும் இருக்கும். பெரும்பாலும் ஐந்து சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ ஒரு எண். அந்த வரியை யாரும் கவனிப்பதில்லை, கவனிக்கத் தேவையும் இருப்பதில்லை. வீட்டிலேயே தீவனம் அரைக்கத் தொடங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். இறால், மீன் துண்டு, முட்டை என்று மிக்ஸியில் போட்டு அடித்தால் மீன்கள் முட்டி மோதிக்கொண்டு தின்னும். ஆனால் அந்தக் கலவையில் நார் என்று சொல்ல எதுவுமே இல்லை. தங்கமீன் வைத்திருப்பவர்களுக்கு ஓரிரு வாரத்தில் அதன் விளைவு தெரிந்துவிடும்: வயிறு உப்பல், வால் பக்கம் தொங்கும் நீளமான கழிவு, மந்தமாக அடியில் கிடப்பது.

இந்தக் கட்டுரை முதன்முறையாகத் தீவனம் செய்பவர்களுக்கு. தங்கமீனை மையமாக வைத்துச் சொல்கிறேன். மற்ற மீன்களுக்கு எங்கே மாற்ற வேண்டும் என்பதையும் இடையிடையே குறிப்பிடுகிறேன்.

முதலில் குடலைப் பாருங்கள்

எந்த மீனுக்கு என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் பட்டாணியை எடுக்க வேண்டாம். தங்கமீனுக்கும் கோய் கெண்டைக்கும் இரைப்பையே கிடையாது. தொண்டையில் இருக்கும் பற்களால் அரைத்ததை நேராக நீளமான குடலுக்கு அனுப்பிவிடும். சேமித்து வைத்துச் செரிக்க இடம் இல்லாததால், அவை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கே ஏற்றவை. பாசி, செடித் துணுக்கு, வண்டலில் கிடக்கும் புழு என்று கலந்து தின்னும் வயிறு அது. நாமோ காலையில் ஒரு முறை கெட்டியான புரதத்தைக் கொட்டிவிட்டு வேலைக்குப் போகிறோம்.

நார்ச்சத்தை மீன் செரிப்பதில்லை. செல்லுலோஸை உடைக்கும் நொதி பெரும்பாலான மீன்களுக்குச் சொந்தமாக இல்லை. மரத்தைச் சுரண்டித் தின்னும் பனாக்கே என்ற தென்னமெரிக்கக் கெளுத்திகள்கூட மரத்தால் வயிறு வளர்ப்பதில்லை, தின்ற மரத்தூள் சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடுகிறது. ஆக, நாரின் வேலை ஊட்டம் தருவது அல்ல. உணவுக்குப் பருமன் கொடுத்து, ஈரத்தைப் பிடித்து வைத்து, குடலில் தேங்காமல் நகர்த்துவதுதான். இதை மனதில் வைத்தால் அளவு தவறாது. நார் கூடக்கூட அதே வயிற்றில் ஊட்டத்துக்கான இடம் குறையும்.

தங்கமீன், மாலி, ப்ளாட்டி, கப்பி, சக்கர் மீன் இவையெல்லாம் செடிப் பக்கம் சாய்ந்தவை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் சிக்லிட்களும் இதே கூட்டம்தான். அவற்றுக்கு இறைச்சித் தீவனம் தொடர்ந்து போட வேண்டாம் என்று வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வதற்குக் காரணமும் இதுதான். ஏஞ்சல், டெட்ரா நடுவாந்தரம். ஃபைட்டர், அரோவானா ஊன் உண்ணிகள், அவற்றுக்குக் கீரையை அரைத்து ஊட்டுவதில் பொருள் இல்லை. அவற்றின் கணக்கு வேறு, பின்னால் வருகிறேன்.

குஞ்சுகளுக்கு எந்த வகையானாலும் தனியாக நார் சேர்க்காதீர்கள். வளரும் மீனுக்குப் புரதம்தான் வேண்டும்.

எதில் நார் இருக்கிறது, எதில் இல்லை

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

பச்சைப் பட்டாணி முதலிடம். 100 கிராமில் சுமார் 5 கிராம் நார், அதே அளவுக்குப் புரதமும் உண்டு. பருவத்தில் உரித்த பட்டாணியோ ஃப்ரோசன் பட்டாணியோ எதுவும் சரி. உலர்ந்த பச்சைப் பட்டாணி வாங்கினால் தண்ணீரில் ஊறப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பளிச்சென்று பச்சையானால் சாயம் ஏற்றியது, வீட்டு மனிதர்களுக்கும் ஆகாது, மீனுக்கும் ஆகாது. டின் பட்டாணியில் உப்பு இருக்கும், வேண்டாம். மீனுக்குப் பட்டாணித் தோலை உரித்துத்தான் போட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். முழுப் பட்டாணியை நசுக்கிப் போடும்போது அது சரி, தோல் வாயில் சிக்கும், துப்பிய தோல் ஃபில்டர் வாயில் போய் ஒட்டும். ஆனால் அரைத்துச் செய்யும் தீவனத்தில் தோலை எறிந்தால், எதற்காகப் பட்டாணி வாங்கினோமோ அதில் பெரும்பங்கை எறிகிறோம். நன்றாக வேகவைத்துத் தோலோடு அரையுங்கள். வடிகட்டவும் கூடாது.

கீரையில் நம் ஊரில் முருங்கைக்கு நிகர் இல்லை. நாரோடு புரதமும் கூடுதல். இலையை மட்டும் உருவி எடுங்கள், ஈர்க்கு ஒன்றுகூட வரக்கூடாது. பாலக்கீரையிலும் பசலையிலும் ஆக்சாலிக் அமிலம் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். கிடைப்பது அதுதான் என்றால் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கீரையானாலும் மருந்து தெளித்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே கழுவுங்கள். நமக்கு ஒன்றும் செய்யாத அளவு பூச்சிமருந்து மீனைக் கொன்றுவிடும், இறால் வகைகளை இன்னும் சீக்கிரம். வீட்டு மரத்து முருங்கை இருந்தால் கவலையே இல்லை.

கேரட்டில் 100 கிராமுக்கு 3 கிராம் அளவில் நார் உண்டு. நிறத்துக்கும் நல்லது. பூசணியும் வெள்ளரியும் பார்க்கத்தான் நார்க் காய்கள். வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர், நார் அரை கிராம் அளவில்தான். மீனுக்கு விளையாட்டாக ஒரு வில்லை போடலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

ஸ்பைருலினா விஷயத்திலும் இதே மயக்கம் உண்டு. பச்சையாக இருப்பதால் கீரை மாதிரி என்று நினைத்துவிடுகிறோம். அதில் எடையில் பாதிக்கும் மேல் புரதம், நார் மிகக் குறைவு. நல்ல பொருள்தான், இந்த வேலைக்கானது அல்ல.

அரிசித் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கெண்டைக் குளங்களில் காலங்காலமாகப் போடும் தீவனம். அதைத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம் என்பது என் கட்சி. ஆலையிலிருந்து வந்த தவிட்டின் எண்ணெய் சில நாளிலேயே சிக்குவாடை அடித்துவிடும். தவிட்டின் வேலையைச் செய்ய ஓட்ஸ் போதும், பொடித்து வெந்நீரில் ஊறவைத்தது. இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போனால் கலவை மாவாகிவிடும்.

பொரி, ரொட்டி, பிஸ்கட், மைதா உருண்டை இவை எல்லாம் வெறும் மாவுச்சத்து. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை நம்முடையது. குளம் பெரியது, தாங்கும். 50 லிட்டர் தொட்டி தாங்காது.

இசப்கோல் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மலச்சிக்கலுக்கு மனிதர் சாப்பிடுவது மீனுக்கும் ஆகாதா என்பது கேள்வி. அது தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்து உப்பும் பொருள். முழுக்க ஊறாமல் உள்ளே போனால் குடலுக்குள் உப்பும். தொடங்குபவர்கள் தொடாமல் இருப்பதே மேல்.

கடைசியாக, பலரும் நாராகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பொருள் ஒன்று: கடல்பாசி, அதாவது சைனா கிராஸ். நோன்புக் காலத்தில் பல வீடுகளில் இனிப்பாகச் செய்கிறார்களே, அதே அகர் அகர்தான். ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் சிவப்புப் பாசிகளிலிருந்து கிடைப்பது. தீவனத்தைக் கட்டியாக்கப் பயன்படும் இதுவே மீன் செரிக்காத நார். ஒரே பொருளில் இரண்டு வேலை முடிகிறது.

வெளிநாட்டுச் செய்முறைகள் பலவற்றில் ஜெலட்டின் போடச் சொல்வார்கள். அது 30 டிகிரியை ஒட்டி இளகிவிடும் பொருள். சென்னையில் ஏப்ரல், மே மாதத்தில் தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டை எட்டிவிடும். போட்ட கட்டி மீன் வாய்க்குப் போகும் முன்னே கரைந்து தண்ணீரைக் குழப்பும். அகர் ஒரு முறை உறைந்தால் 85 டிகிரி வரை உருகாது. நம் வெயிலுக்கு அதுதான் சரி.

ஒரு முறைக்கான அளவு

சுமார் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். நான்கைந்து நடுத்தரத் தங்கமீனுக்குப் பல வாரங்களுக்குப் போதும்.

வேகவைத்த பச்சைப் பட்டாணி, தோலோடு: 150 கிராம்
முருங்கை இலை: 50 கிராம்
கேரட்: 50 கிராம்
இறால்: 100 கிராம்
ஓட்ஸ் பொடி: 2 மேசைக்கரண்டி
அகர்: 8 கிராம் (10 கிராம் பாக்கெட்டில் கொஞ்சம் மீதி வையுங்கள்)
தண்ணீர்: 200 மில்லி

உப்பு, எண்ணெய், மஞ்சள் தூள் எதுவும் கிடையாது. கை பழக்கத்தில் தாளிக்கப் போய்விடாதீர்கள்.

தண்ணீரை நீக்கிக் கணக்குப் பார்த்தால் இதில் புரதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிற்கும். வளர்ந்த தங்கமீனுக்கு அது போதும். நாரின் அளவை டப்பாவில் உள்ள எண்ணோடு ஒப்பிட முயலாதீர்கள். டப்பாவில் உள்ளது உலர்ந்த பொருளுக்கான கணக்கு, அதுவும் அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்தபின் மிஞ்சுவதை மட்டும் அளக்கும் பழைய முறை. காய்கறிப் பட்டியல்களில் நாம் பார்க்கும் நார்ச்சத்து எண் வேறு முறையில் அளந்தது, எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

செய்முறை

1. இறாலின் தலையையும் குடல் நரம்பையும் நீக்கிவிட்டு, ஓட்டை அப்படியே விடுங்கள். சின்ன இறாலின் ஓடு மெல்லியது, மிக்ஸியில் அரைந்துவிடும், அதுவும் ஒரு வகை நார்தான். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுங்கள். பச்சையாகப் போட்டால்தான் சத்து என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சில மீன்களிலும் ஓடுடைய கடலுயிர்களிலும் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி உண்டு, சூடுபடுத்தினால் அது செயலிழக்கும். கிருமிப் பயமும் குறையும்.

2. பட்டாணியையும் கேரட்டையும் விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவிடுங்கள். முருங்கை இலைக்குக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போதும்.

3. எல்லாவற்றையும் ஓட்ஸோடு சேர்த்து அரையுங்கள். எவ்வளவு நைசாக என்பது மீன் வாயைப் பொறுத்தது. தங்கமீனுக்குச் சட்னிப் பதம், கப்பிக்கும் மாலிக்கும் அதைவிட நைசாக. நீளமான இழை ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்பதுதான் முக்கியம். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மீன் தவிக்கும்.

4. அகரை 200 மில்லி தண்ணீரில் போட்டு, கிளறிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். துகள் தெரியாமல் தெளிந்த பின்னும் ஒரு நிமிடம் கொதிக்கட்டும். நீளமான இழையாக வாங்கியிருந்தால் முன்னதாக அரை மணி நேரம் ஊறவைத்துக்கொள்ளுங்கள்.

5. அரைத்த விழுதும் இந்த நேரத்தில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற விழுதில் அகரை ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே திரிதிரியாக உறைந்துவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் சேராது. விழுதை லேசாகச் சூடாக்கி, அகர் நீரை ஊற்றி, வேகமாகக் கலக்குங்கள்.

6. மீனுக்கான வைட்டமின் சொட்டு மருந்து சேர்ப்பதாக இருந்தால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் சேருங்கள். கொதிக்கும் கலவையில் விட்டால் வைட்டமின் சி வீணாகிவிடும். ரொம்பவும் காத்திருக்காதீர்கள், 40 டிகிரிக்குக் கீழே போனதும் அகர் இறுகத் தொடங்கும்.

7. தட்டையான தட்டில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஊற்றி ஆறவிடுங்கள். உறைந்தபின் கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டினால் முடிந்தது.

ஒரு துண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். உடையாமல், தண்ணீர் கலங்காமல் இருந்தால் தொட்டிக்குத் தயார். கரைந்தால் அடுத்த முறை அகரை இரண்டு கிராம் கூட்டுங்கள், அல்லது ஓட்ஸைக் குறையுங்கள்.

கொடுக்கும் விதம்

பழக்கமில்லாத உணவை முதல் நாள் சில மீன்கள் வாயில் வாங்கித் துப்பும். பசியோடு இருக்கும் காலை வேளையில், பெல்லட்டுக்கு முன்னால் கொடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும், மீந்ததை வலையால் எடுத்துவிடுங்கள்.

முதல் வாரம் ஒரே ஒரு நாள். ஒத்துக்கொண்டால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வரை போகலாம். மற்ற நாட்களில் தரமான பெல்லட்டே இருக்கட்டும். வீட்டுத் தீவனம் எவ்வளவு நன்றாக வந்தாலும் அதில் வைட்டமினும் தாதுவும் சரியான விகிதத்தில் அமைவது அரிது. வீட்டுச் சாப்பாடுதான் உசத்தி என்ற நம் எண்ணத்தை மீனிடம் காட்ட வேண்டாம்.

இனிமேல் உங்கள் அளவுகோல் மீனின் கழிவுதான். கூச்சப்படாமல் பாருங்கள். இந்தத் தீவனத்தில் ஒரு வசதி: பச்சையும் ஆரஞ்சும் கலந்த நிறம் கழிவிலும் தெரியும். கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, பச்சை நிறக் கழிவு எப்போது வருகிறது என்று பார்த்தால் குடல் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று தெரிந்துவிடும். நம் ஊர்ச் சூட்டில் அன்றைக்கே வந்துவிடும். மார்கழிக் குளிரில் தாமதமாகும், அப்போது தீவனத்தையே குறைத்துக் கொடுங்கள்.

கழிவு குட்டையாக, சட்டென்று அறுந்து கீழே விழுந்தால் அளவு சரி. நீளமாக இழுத்துக்கொண்டே திரிந்தால் பட்டாணியை 25 கிராம் கூட்டிப் பாருங்கள், இறாலை அதே அளவு குறையுங்கள். கழிவு விழுந்த சிறிது நேரத்திலேயே பொடிப் பொடியாகச் சிதறித் தண்ணீர் மங்கினால் நார் மிகுந்துவிட்டது. ஒரு முறைக்கு நார் தரும் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். பட்டாணியையும் கீரையையும் ஓட்ஸையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் என்ன ஆயிற்று என்று கடைசி வரை தெரியாது.

வெள்ளையாக, உள்ளீடற்ற நூல் போலக் கழிவு வந்தால் அது வேறு சங்கதி. பட்டினி கிடந்த குடலின் சளியாக இருக்கலாம், குடல் ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். செதில்கள் தூக்கிக்கொண்டு உடம்பு பலாக்காய் போல நின்றால் உடலுக்குள் நீர் கோத்திருக்கிறது. இந்த இரண்டிலும் பட்டாணியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

தலைகீழாக மிதக்கும் தங்கமீனுக்குப் பட்டாணி என்பது ஏறக்குறைய பாட்டி வைத்தியம் ஆகிவிட்டது. ஒராண்டா, ரியூகின் போன்ற உருண்டை ரகங்களுக்கு உடம்பு குறுகியதால் குடலும் காற்றுப்பையும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. குடல் அடைத்தால் காற்றுப்பை நசுங்கும். அந்தக் காரணத்தால் மிதக்கிறது என்றால் ஓரிரு நாள் பட்டினியும் பிறகு பட்டாணியும் உதவும். ஆனால் தங்கமீனின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு குழாய் உண்டு, மிதக்கும் பெல்லட்டை மேலே வந்து கவ்வும்போது காற்றையும் விழுங்கிவிடும். தொற்றாலும் பிறவிக் கோளாறாலும் மிதப்பது உண்டு. அதற்கெல்லாம் நார் மருந்தல்ல. மூழ்கும் தீவனம் கொடுப்பதே பாதி வழி, நாம் செய்த அகர் கட்டி மூழ்கும் என்பது இங்கே ஒரு சௌகரியம்.

மற்ற மீன்களுக்கு

ஃபைட்டருக்கு நார் வேண்டுமென்றால் பூச்சி ஓட்டில் தேடுங்கள். அந்த ஓட்டில் உள்ள கைட்டின் ஊன் உண்ணிகளின் குடலுக்குத் தேவையான சக்கையைத் தருகிறது. டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சி உயிரோடு கிடைத்தால் வாரம் ஒரு முறை. சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் போனால் உயிர்த் தீவனமும் ஃப்ரீசர் கட்டியும் கிடைக்கும். அரோவானாவுக்கு ஓட்டோடு சின்ன இறால்.

டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் மாட்டு இதயம் அரைத்துக் கொடுப்பார்கள். வேகமாக வளரும் என்பது உண்மை. கொழுப்பையும் சவ்வையும் கடைசித் துளி வரை நீக்கிவிட்டு, எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு வெந்த பட்டாணியும் கீரையும் சேர்த்து, மேலே சொன்ன அதே அகர் முறையில் கட்டியாக்கலாம்.

சக்கர் மீனுக்குச் சமையலே வேண்டாம். பீர்க்கங்காயோ சுரைக்காயோ ஒரு வில்லை வெட்டி, மூழ்கும் அளவுக்கு வேகவைத்து, ஸ்டீல் கரண்டியில் குத்தி இரவில் இறக்கிவிடுங்கள். காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். ப்ரிசில்நோஸ் வகையாக இருந்தால் தொட்டியில் ஒரு மரத்துண்டும் இருக்கட்டும், சுரண்டிக்கொண்டே இருக்கும்.

சேமிப்பும் தண்ணீரும்

ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் இரண்டு மாதம். ஜிப் கவரில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றை வெளியேற்றி, தேதியை எழுதிப் போடுங்கள், வீட்டில் யாரும் பச்சைப் பர்ஃபி என்று எடுத்துவிடாமல் இருக்கப் பெயரையும் எழுதுங்கள். அகர் கட்டி ஃப்ரீசரில் போய் வந்தால் கொஞ்சம் நீர் விட்டுப் பஞ்சு போல ஆகும். கெட்டுப்போகவில்லை, அதன் இயல்பே அது. வடிந்த நீரைக் கொட்டிவிட்டுத் துண்டை மட்டும் தொட்டியில் போடுங்கள். புளித்த வாடை வந்தாலோ மேலே வழவழப்பு தட்டினாலோ மொத்தமாகக் குப்பைக்கு. ஒரு முறை உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது.

நார் கூடிய உணவென்றால் கழிவும் கூடும், செரிக்காத பங்கு முழுக்கத் தொட்டி அடியில்தான் வந்து சேரும். தீவனம் கொடுத்த மறுநாள் சைஃபன் குழாயால் அடியை உறிஞ்சுங்கள். ஃபில்டர் பஞ்சும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் அடைக்கும். அதைக் குழாய்த் தண்ணீரில் பிழிய வேண்டாம், குளோரின் அதில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். சைஃபன் செய்து வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் போடுங்கள்.